பிஎஸ்பியில் ஹட்சுனே மிக்கு: 'ப்ராஜெக்ட் திவா' ஆட்டங்களை எப்படிச் சேகரிப்பது, எப்படி ரசிப்பது?

கேள்வி: பிஎஸ்பிக்கு (சோனியின் பழைய கையடக்க ஆட்டக் கருவி) வந்த ஹட்சுனே மிக்கு தாள ஆட்டங்களைச் சேகரிக்க ஆசை. ஜப்பானிய மொழி தெரியாது, பிஎஸ்பியும் இனிமேல்தான் வாங்க வேண்டும். எதில் ஆரம்பிப்பது? பழைய பொருளை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ப்ராஜெக்ட் திவா செகண்ட்' டிஸ்க் ஒன்று, பட்டன்கள் நன்றாக இருக்கும் பிஎஸ்பி-3000 அல்லது 2000 ஒன்று, சோனியின் அசல் மெமரி ஸ்டிக் ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். டிஸ்க் எளிதாகக் கிடைக்கும். நல்ல பட்டன் உள்ள கன்சோல்தான் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறது. அதனால் கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை கன்சோலுக்கு ஒதுக்குங்கள். இது கையால் வாசிக்கிற ஆட்டம். வீணை வாங்குபவர் தந்தியைத் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார் அல்லவா, அதே போலத்தான்.

ஹட்சுனே மிக்கு யார் என்று சுருக்கமாக. சப்போரோ நகரத்து கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம் 2007 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்ட பாடும் மென்பொருள்தான் மிக்கு. உள்ளே ஓடுவது யமஹாவின் வோகலாய்டு 2. குரல் கொடுத்தவர் சாகி ஃபுஜிதா. மெட்டையும் வரிகளையும் நாம் எழுதிக் கொடுத்தால் அது பாடும். ஜப்பானில் ஆயிரக்கணக்கான அமெச்சூர் இசையமைப்பாளர்கள் இதைக் கொண்டு பாட்டு செய்து நிகோ நிகோ டோகா என்ற காணொளித் தளத்தில் போட்டார்கள். ஆட்டங்கள் தயாரிக்கும் சேகா நிறுவனம் அந்தப் பாடல்களைப் பொறுக்கி எடுத்து, முப்பரிமாண ஆட்டக்காட்சியும் தாளக் குறிகளும் சேர்த்துச் செய்ததே ப்ராஜெக்ட் திவா. ஆக, இந்த டிஸ்க்கில் இருப்பது ஒரு நிறுவனம் தயாரித்த பாடல் தொகுப்பு மட்டுமல்ல. வீட்டு அறைகளில் உட்கார்ந்து பாட்டு செய்த ஒரு தலைமுறை அதற்குள் பதிவாகியிருக்கிறது. என் கணக்கில் இதைச் சேகரிக்க அதுவே போதுமான காரணம்.

பிஎஸ்பியில் வந்தவை மூன்று. முதல் ஆட்டம் 2009 ஜூலை 2, செகண்ட் 2010 ஜூலை 29, எக்ஸ்டெண்ட் 2011 நவம்பர் 10. மூன்றும் ஜப்பானில் மட்டுமே வெளியானவை, மெனு முழுவதும் ஜப்பானிய மொழி. ஆனால் பிஎஸ்பி ஆட்டங்களுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. எந்த நாட்டுக் கன்சோலிலும் ஓடும். (யுஎம்டி எனப்படும் பிஎஸ்பி டிஸ்க்கில் வந்த சினிமாப் படங்களுக்குத்தான் பூட்டு உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஜப்பானிலிருந்து கன்சோலை வரவழைத்தாலும் அதன் சிஸ்டம் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு விஷயம் மட்டும் பழக வேண்டும்: ஜப்பானிய ஆட்டங்களில் வட்டப் பட்டன்தான் 'சரி', பெருக்கல் பட்டன்தான் 'பின்னால் போ'. இது தெரியாமல்தான் பலர் முதல் பத்து நிமிடம் மெனுவிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

செகண்டில் ஆரம்பிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் ஆட்டத்தில் பட்டனை ஒருமுறை தட்டும் குறிகள் மட்டுமே. அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய நீள்குறியும், திசைப் பட்டனையும் முகப்புப் பட்டனையும் (வலப்பக்கத்து முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம்) ஒரே நேரத்தில் தட்ட வேண்டிய அம்புக்குறியும், எக்ஸ்ட்ரீம் என்ற கடுநிலையும் செகண்டில்தான் வந்தன. தொடரின் இலக்கணமே அங்கேதான் உருவானது. முதல் ஆட்டத்தின் பல பாடல்களும் அதில் திரும்ப வருகின்றன. செகண்ட் கைக்குப் பழகியபின் எக்ஸ்டெண்ட். முதல் ஆட்டத்தைக் கடைசியாக வாங்குங்கள். அது ஆரம்பப் புள்ளி என்ற மதிப்புக்காக வாங்க வேண்டியது, கைக்குத் தீனி குறைவு.

இப்போது கன்சோல். மாடலைப் பொறுத்து அனுபவம் மாறும்.

பிஎஸ்பி-1000 கனமானது, பிடிக்க வசதியானது, பேட்டரியும் பெரியது (1800 எம்ஏஎச்). ஆனால் அதன் திரை மெதுவானது. வேகமாகப் பறந்து வரும் குறிகளுக்குப் பின்னால் நிழல்போல ஒரு கோடு இழுபடும். ஜப்பானில் முதலில் விற்ற தொகுதிகளில் சதுரப் பட்டன் சரியாக அமுங்காத குறை வெளிப்படையாகவே பேசப்பட்டது. நான்கு பட்டனையும் சமமாகப் பயன்படுத்தும் ஆட்டத்துக்கு அது பெரிய இடைஞ்சல். பிஎஸ்பி-2000 மெலிந்தது, எடை குறைந்தது, டிவிக்குப் படம் அனுப்பும் வசதியும் வந்தது. பிஎஸ்பி-3000 திரையின் நிறங்கள் செறிவானவை. மிக்குவின் நீலப்பச்சைக் கூந்தல் சரியான நிறத்தில் தெரிவது இதில்தான். வேகமான அசைவில் மெல்லிய கிடைக்கோடுகள் தெரியும், அது பழுதல்ல, அந்தத் திரையின் இயல்பு. இந்த ஆட்டத்துக்கு 3000தான் என் தேர்வு. பிஎஸ்பி கோ-வில் டிஸ்க் போடும் இடமே கிடையாது, எனவே சேகரிப்பவருக்கு உதவாது. ஐரோப்பாவில் மலிவு விலையில் வந்த இ-1000 டிஸ்க்கை ஓட்டும், ஆனால் ஸ்பீக்கர் ஒன்றுதான், வைஃபையும் இல்லை.

விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒரு காணொளி. திசைப் பட்டனின் நான்கு பக்கமும், முகப்பின் நான்கு பட்டனும், ஒவ்வொன்றையும் வேகமாகப் பத்துப் பத்து முறை தட்டி, ஒவ்வொரு தட்டும் திரையில் பதிவாகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். பட்டனுக்கு அடியில் ரப்பர் திண்டு, அதற்கும் கீழே தொடுதாள். வியர்வையும் தூசியும் படிந்தால் பத்தில் ஒரு தட்டு பதிவாகாது. சாதாரண ஆட்டத்தில் இது தெரியவே தெரியாது. இந்த ஆட்டத்தில் அந்த ஒரு தட்டு விட்டுப்போனால் நூற்றுக்கணக்கில் சேர்ந்த காம்போ (தவறாமல் தொடர்ந்து தட்டிய எண்ணிக்கை) பூஜ்யத்துக்கு வந்துவிடும், தவறு நம் கையில்தான் என்று நினைத்து நாம் வீணாகப் பயிற்சி செய்துகொண்டிருப்போம். பெரும்பாலும் உள்ளே திறந்து ரப்பரையும் தொடுதாளையும் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டு மூடினாலே சரியாகிவிடும். ரப்பர் தளர்ந்துபோயிருந்தால் மாற்ற வேண்டும். மாற்றும்போது பழைய கன்சோலிலிருந்து கழற்றிய அசல் ரப்பரைத் தேடுங்கள், புதிதாக விற்கும் நகல் ரப்பர்களில் பல கெட்டியாக இருக்கும்.

இங்கே பேரம் பேச ஒரு வழியும் இருக்கிறது. பிஎஸ்பியின் அனலாக் குச்சி தேய்ந்து தானாக நகர்வது பரவலான பழுது, அதனால் விலையும் குறையும். பிஎஸ்பியின் திவா ஆட்டங்களில் குறிகளைத் தட்ட அந்தக் குச்சி தேவையே இல்லை. குச்சி போன, பட்டன் நல்ல கன்சோல் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

'புத்தம் புதிது' என்று பளபளப்பாக வரும் பிஎஸ்பிகளிடம் எச்சரிக்கை வேண்டும். பெரும்பாலும் பழைய உள்பாகத்துக்கு மலிவான புது மேலுறை போட்டவை. மிக்கு படம் அச்சிட்ட மேலுறைகளும் அப்படித்தான் சுற்றிவருகின்றன, அவற்றைப் 'லிமிடெட் எடிஷன்' என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். பின்பக்கத்து எழுத்துகள் மங்கலாகவோ கோணலாகவோ இருக்கின்றனவா, பேட்டரிக் குழிக்குள் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருக்கிறதா, பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கரே இல்லையென்றால் மேலுறை மாறியிருக்கிறது. அத்தகைய கன்சோலில் பட்டன் ஒருபக்கம் உரசும், அழுத்தினால் மேலே வர நேரமெடுக்கும்.

பேட்டரி எப்படியும் வயதானதாகத்தான் இருக்கும். உப்பியிருந்தால் மூடி சரியாக உட்காராது, அதை ஒருநாள்கூடப் பயன்படுத்த வேண்டாம். 2000க்கும் 3000க்கும் ஒரே 1200 எம்ஏஎச் பேட்டரிதான். அதே அளவு மெல்லிய உறையில் '3600 எம்ஏஎச்' என்று எழுதி விற்றால் அந்த எண் பொய். ஆடாமல் வைக்கும் காலங்களில் பாதி சார்ஜோடு, கன்சோலுக்கு வெளியே எடுத்து வையுங்கள். சார்ஜர் 5 வோல்ட். 2 ஆம்பியர் தரக்கூடியதாக இருக்கட்டும்.

டிஸ்க்குக்கு வருவோம். யுஎம்டி என்பது 6 செ.மீ. விட்டமுள்ள சிறு டிஸ்க், 1.8 ஜிபி கொள்ளளவு, நிரந்தரமாக ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டது. கூட்டின் ஒரு பக்கம் படம் தெரியும் கண்ணாடி போன்ற ஜன்னல், மறுபக்கம் லேசர் படிக்கத் திறந்த வாய். அந்த வாய்க்கு மூடி இல்லை. யுஎம்டியின் பலவீனம் இந்த இரண்டு இடங்களில்தான்.

ஜன்னல் பசையால் ஒட்டப்பட்டது. வருடங்கள் போகப் போகப் பசை விட்டு, விளிம்பில் மெல்லிய இடைவெளி தெரியும். டிஸ்க்கைக் கையில் எடுத்து, விளிம்பை விரல் நகத்தால் மெதுவாகச் சுற்றிலும் தடவுங்கள். எங்காவது நகம் மாட்டினால் பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே கன்சோலில் போட்டால் ஜன்னல் உள்ளே கழன்று டிஸ்க்கோடு உரசலாம். ஒட்டுவதிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: டிஸ்க் உள்ளே இருக்கும்போதே சூப்பர் க்ளூ விடுவது. துளி வழிந்தால் டிஸ்க் கூட்டோடு ஒட்டிக்கொள்ளும், வழியாவிட்டாலும் அதன் ஆவி பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமாகப் படியும். ஜன்னலை முழுதாகப் பிரித்து, டிஸ்க்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு, விளிம்பில் குண்டூசி முனையளவுப் பசையை நான்கைந்து இடத்தில் வைத்து, ஆவி அடங்கியபின் டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு மூடுவதே சரி. அதைவிட எளிது, மாற்றுக் கூடு வாங்கி டிஸ்க்கை அதற்கு மாற்றுவது. செல்லோடேப் சுற்றுவது கூடாது, அந்த மெல்லிய தடிமனே டிஸ்க்கை உள்ளே சிக்கவைக்கப் போதும்.

மறுபக்கத்து வாய் வழியாகத் தூசியும் கைரேகையும் படியும். நுண்ணிழைத் துணியின் மூலையை மடித்து, டிஸ்க்கை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

போலி யுஎம்டி பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எழுதக்கூடிய வெற்று யுஎம்டி கடைக்கு வந்ததே இல்லை. பார்க்க வேண்டியது பெட்டிக்குள் உள்ள டிஸ்க்கும் பெட்டியும் ஒரே ஆட்டத்தைச் சேர்ந்தவையா என்பதை. பெட்டி முதுகிலும் டிஸ்க்கிலும் உள்ள, யுஎல்ஜேஎம் என்று தொடங்கும் எண்ணை ஒப்பிடுங்கள். மலிவு விலை மறுபதிப்பின் டிஸ்க்கை முதல் பதிப்பின் பெட்டியில் போட்டு விற்பது நடக்கிறது.

ஜப்பானிய விற்பனைப் பட்டியல்களில் மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். 'ஹாகோசெட்சு' என்றால் பெட்டியும் கையேடும் உண்டு. 'டோசா மிகாகுனின்' என்றால் ஓடுகிறதா என்று பார்க்கவில்லை. 'ஜங்க்கு' என்றால் எந்தப் பொறுப்பும் ஏற்கமாட்டார்கள், திருப்பியும் எடுக்கமாட்டார்கள். ஜங்க்கு என்று போட்ட டிஸ்க்கை வாங்கிப் பார்க்கலாம், கன்சோலை வேண்டாம். கன்சோல் வரவழைத்தால் பேட்டரியைக் கருவிக்குள் பொருத்தியே அனுப்பச் சொல்லுங்கள். தனி லித்தியம் பேட்டரியை ஜப்பானிலிருந்து வெளிநாட்டுத் தபாலில் அனுப்ப முடியாது.

சேகரிப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. முதல் ஆட்டத்துக்குக் கூடுதல் பாடல்கள் தரவிறக்கத் தொகுப்புகளாக வந்தன: மிக்குவுக்கு ஒன்று, கிரிப்டனின் மற்ற பாடும் கதாபாத்திரங்களான ரின், லென், லூக்கா மூவருக்கும் ஒன்று. அவை டிஸ்க்கில் இல்லை. பிஎஸ்பி ஆட்டங்களுக்குள்ளிருந்தே வாங்கும் வசதி 2021 ஜூலையோடு முடிந்துவிட்டது. தரவிறக்கியவை வாங்கியவரின் கணக்கோடு பிணைந்தவை, கோப்பை மட்டும் நகலெடுத்து வேறு கன்சோலில் போட்டால் திறக்காது. 'எல்லாப் பாடலும் உண்டு' என்று சொல்லி டிஸ்க்கை விற்றால், எந்தக் கணக்கில், எந்தக் கன்சோலில் என்று கேளுங்கள்.

மெமரி ஸ்டிக்கில் இருப்பது அதைவிட அரிய பொருளாக இருக்கலாம். இந்த ஆட்டங்களில் எடிட் முறை உண்டு. நம் எம்பி3 பாட்டை மெமரி ஸ்டிக்கில் வைத்து, அதற்குத் தாளக் குறிகளை நாமே பதித்து, மிக்குவின் அசைவையும் கேமராவையும் அமைத்து ஒரு முழு ஆட்டக்காட்சி உருவாக்கலாம். ஜப்பானிய ரசிகர்கள் இதில் அசாத்தியமான வேலை செய்திருக்கிறார்கள். பழைய கன்சோலோடு வரும் மெமரி ஸ்டிக்கில் அப்படி ஏதாவது இருக்கக்கூடும். கையில் வந்ததும் ஃபார்மட் செய்துவிடாதீர்கள். யுஎஸ்பி வழியே கணினியில் இணைத்து, பிஎஸ்பி கோப்புறைக்குள் இருக்கும் சேவ்டேட்டா முழுவதையும் மியூசிக் கோப்புறையையும் சேர்த்தே நகலெடுங்கள். எடிட் கோப்புக்குள் பாட்டு இருக்காது, அது எம்பி3யைத் தேடிப்போகும். பாட்டு இல்லாவிட்டால் எடிட் ஊமையாகிவிடும், இரண்டும் சேர்ந்திருந்தால்தான் மதிப்பு. மெமரி ஸ்டிக் போலிகள் ஏராளம். கணினியில் 16 ஜிபி என்று காட்டும், ஆனால் சிறிதளவு எழுதியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதத் தொடங்கும். வாங்கியதும் முழுக் கொள்ளளவுக்கும் கோப்புகளை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பிஎஸ்பிக்கு அடுத்து சோனி விட்ட வீட்டாவும், நிண்டெண்டோவின் 3டிஎஸ்ஸும் பற்றி இரண்டு வார்த்தை. பிஎஸ் வீட்டாவில் 'எஃப்' (2012), 'எஃப் செகண்ட்' (2014), 'எக்ஸ்' (2016) வந்தன. முதல் எஃப்பின் வீட்டா ஆங்கிலப் பதிப்பு தரவிறக்கமாக மட்டுமே வந்தது. எஃப் செகண்டும் எக்ஸும் அமெரிக்காவில் கார்டாகவும் வந்தன, ஆங்கிலம் வேண்டுவோருக்கு அவை நல்ல தேர்வு. வீட்டாவில் நாட்டுப் பூட்டு இல்லை, ஆனால் கூடுதல் பாடல்களை ஆட்டம் எந்த நாட்டுப் பதிப்போ அந்த நாட்டு ஸ்டோரில்தான் வாங்க முடியும், ஒரு கன்சோலில் ஒரு கணக்குதான். நட்சத்திரக் குறிக்குத் திரையை விரலால் தேய்க்க வேண்டியிருப்பதால், கீறல் விழுந்த திரையைத் தவிருங்கள். 3டிஎஸ்ஸில் வந்த 'ப்ராஜெக்ட் மிராய்' வரிசை குட்டி பொம்மை உருவத்தில் இருக்கும். அந்தக் கன்சோலுக்கு நாட்டுப் பூட்டு உண்டு, ஜப்பான் கார்ட்ரிட்ஜ் அமெரிக்கக் கன்சோலில் ஓடாது. 2015இல் ஆங்கிலத்தில் வந்த மிராய் டிஎக்ஸ் ஒன்றே பெரும்பாலோருக்குப் போதும்.

இனி ஆடுவது. திரையில் ஒரு இடத்தில் பட்டனின் வடிவம் காலியாகத் தோன்றும், அதற்குள் கடிகார முள் போல ஒன்று சுற்றும். எங்கிருந்தோ வண்ணக் குறி ஒன்று பறந்து வரும். முள் ஒரு சுற்று முடிந்து மேலே வரும் கணத்தில் குறி வடிவத்தின் மேல் உட்காரும், அப்போது தட்ட வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் பறக்கும் குறியைத் துரத்துவார்கள், கண் திரை முழுக்க அலையும். துரத்த வேண்டாம். காலி வடிவத்தை மட்டும் பாருங்கள், நேரத்தைக் காதில் வாங்குங்கள். கூல், ஃபைன் இரண்டும் காம்போவைக் காப்பாற்றும், சேஃப் என்று வந்தாலே காம்போ உடைந்துவிடும். தொடர்ந்து ஃபைன் வருகிறதென்றால் நீங்கள் பிந்தியோ முந்தியோ ஒரே அளவு தவறுகிறீர்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் கண்ணை நம்புவதால் வரும் கோளாறு அது.

ஹெட்ஃபோன் கம்பி உள்ளதாகவே இருக்கட்டும். ப்ளூடூத் அனுப்பியைச் சொருகினால் ஒலி பிந்தும், ஆட்டமே குலையும். டிவியில் போட்டு ஆடினாலும் அதே சிக்கல். மேலும் 480க்கு 272 புள்ளிகள் கொண்ட படம் டிவியின் நடுவில் சிறு சட்டமாக, சுற்றிலும் கறுப்போடுதான் தெரியும்.

கடினமான பாடல்களில் ஏன் பலரும் ஒரு சுவரில் முட்டி நிற்கிறார்கள் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. செகண்டில் உள்ள 'ஹட்சுனே மிக்கு நோ ஷோஷிட்சு' நிமிடத்துக்கு 240 தட்டு வேகம். நொடிக்கு 4 தட்டு. ஒவ்வொரு தட்டையும் இரண்டாகப் பிரித்தால் நொடிக்கு 8 முறை ஒரே பட்டன். ஒரு கட்டைவிரலால் அதைத் தொடர்ந்து செய்தால் முன்கை இறுகிப்போகும். வழி என்னவென்றால், மேல் அம்பு முக்கோணமாகவும், வலது அம்பு வட்டமாகவும், கீழ் அம்பு பெருக்கலாகவும், இடது அம்பு சதுரமாகவும் ஏற்கப்படும். இடது கட்டைவிரலும் வலது கட்டைவிரலும் மாறி மாறித் தட்டினால் ஒவ்வொரு விரலுக்கும் நொடிக்கு 4 தட்டுதான். மிருதங்கத்தில் இரு கையும் சொல்லைப் பகிர்ந்துகொள்வது போல. திசைப் பட்டன் ஏன் அவ்வளவு நன்றாக இருக்க வேண்டும் என்று மேலே வலியுறுத்தியது இதற்காகத்தான்.

ஒரு பாட்டை எத்தனை முறை ஆடினாலும் அதன் காட்சியை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், கண் முழுவதும் குறிகளில் இருக்கும். பாட்டை முடித்தபின் காட்சி பார்க்கும் முறையில் குறிகள் இல்லாமல் ஒருமுறை ஓடவிடுங்கள். சின்னத் திரையில் கூந்தல் இரண்டும் தாளத்தோடு பின்தங்கி அசைவதையும், உடை மாறும்போது அதே நடனம் வேறு தொனி கொள்வதையும் அப்போதுதான் கவனிக்க முடியும். 'மாட்யூல்' என்று அழைக்கப்படும் இந்த உடைகளில் பல, ரசிகர்களும் ஓவியர்களும் வரைந்தவை. பாட்டுத் திரையில் இசையமைத்தவரின் பெயர் வரும்போது அவசரமாக வட்டப் பட்டனைத் தட்டித் தாண்டிவிடாமல் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய மற்ற பாடல்களைத் தேடிக் கேட்ட பிறகு அதே பாட்டை மறுபடி ஆடினால், குறி எங்கே விழும் என்று கைக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பிக்கும்.